சேனைத் தண்ணீர்

மொரப்பூர்
4-9-1938

சௌபாக்கியவதி சாலம்மாளுக்கு அப்பன் மல்லையன் எழுதுவது. இங்கே நானும் மண்டியும் சுகம். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருந்தால் போதும். வேறு விசாரிக்க எனக்கு என்ன இருக்கிறது.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நீ கல்யாணமாகிப் பென்னாகரம் போகும்வரை மண்டிக் கடிதமெல்லாம் உன் கையெழுத்துத்தான். இப்போது நானே எழுதுகிறேன். வெல்ல மூட்டை அடுக்கினாற்போல இருந்தாலும் சரக்கு சரியாக இருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே வாடகைக்கு வீடு கிடைத்தது நல்லதாயிற்று. சேலத்துத் தண்ணீர் உப்பு என்று உன் அத்தை மாதம்மாள் சொல்லி அனுப்பினாள். என் தங்கைக்குச் சொர்க்கத்தில் இடம் கொடுத்தாலும் தண்ணீர் உப்பு என்பாள். அவளை உன் துணைக்கு விட்டிருப்பது அவள் வாய்க்காக இல்லை, கண்ணுக்காக. முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. இரண்டாவது பதினோரு ராத்தல் என்று நான் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வேண்டியவர்கள் வந்து நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைப்பதற்குள், அரை நாளில் துவண்டு போயிற்று. வைத்தியர் சூடு என்றார். உன் மாமியார் கண் பட்டது என்றாள். நீ ஒதுங்கிய இடத்தில் எறும்பு சாரை சாரையாக மொய்த்ததைப் பார்த்தவள் மாதம்மாள் ஒருத்திதான். “வெல்ல மண்டிக்காரன் மவளுக்கு மூத்திரங்கூட இனிக்குது பாரு” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷம் வெல்லத்தோடு கிடந்தவன் நான். எறும்பு காரணமில்லாமல் வராது.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா உன் மூத்திரத்தை நீல மருந்தில் ஊற்றிக் காய்ச்சியபோது அடிபிடித்த பாகு மாதிரிச் சிவந்ததே, அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. சர்க்கரை வியாதி. அதற்கு ஊசி உண்டு என்கிறார்கள். உண்டென்றால் போட்டுக்கொள். பயப்படாதே.

மாப்பிள்ளை மாது போன வாரம் சித்தேரி மலைப் புளி லாரியில் ஏறி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். ஃபாரஸ்ட் கார்டு உத்தியோகம் பார்க்கிற மனுஷன், அவர் அம்மாவுக்கு முன்னால் மட்டும் முயல் குட்டி. அந்தம்மாள் பாலக்கோட்டில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாளாம். “இதுவும் தங்கலீன்னா தையில முகூர்த்தம்” என்று சொல்லியிருக்கிறாள். உனக்கு மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். இந்தப் பிள்ளை உயிரோடு வர வேண்டும், சாலா. வேறு வழி இல்லை.

ராகியும் முருங்கைக்கீரையும் அனுப்பியிருக்கிறேன். வெல்லம் அனுப்பவில்லை. என் கையால் மகளுக்கு வெல்லம் அனுப்பக் கூடாத காலம் வந்ததே என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு வேலை வந்துவிட்டது.

அப்பன்
மல்லையன்


சேலம்
20-9-1938

என் அப்பா அவர்களுக்கு மகள் சாலம்மாள் நமஸ்காரம் செய்து எழுதுவது.

கீரை வாடாமல் வந்தது. தினம் இரண்டு வேளை ஊசி. தொடையில் போடுகிறார்கள். முதல் நாள் ஊசி போட்டு, சாப்பாட்டுக்கு நேரமாகி, எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிவிட்டது. நர்ஸம்மா ஓடி வந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மடக்கு, அப்பா. போன உயிர் திரும்பி வந்தது. சர்க்கரை மிஞ்சினாலும் சாவு, குறைந்தாலும் சாவு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. பிள்ளை ஏன் தங்கவில்லை என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் பேசுவார். ஆனாலும் கை ஜாடையோடு உட்கார்ந்து சொன்னார். என் ரத்தத்தில் இருக்கிற அதிகச் சர்க்கரை கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறதாம். என்னிடம் குறைவாக இருக்கிற ஊசி மருந்துச் சத்து பிள்ளையின் உடம்பிலேயே சுரக்குமாம். வருகிற சர்க்கரை அத்தனையையும் செலவழிக்க அது இரண்டு மடங்கு மூன்று மடங்கு சுரந்து பழகிவிடுகிறது. அதனால்தான் பிள்ளை கொழுத்துப் பெரிசாகிறது. பெரிசு என்று நாம் சந்தோஷப்பட்டோம், அது பலமில்லை, அப்பா. நோய்.

பிறந்து கொடியை அறுத்ததும் என் சர்க்கரை நின்றுவிடும். பிள்ளைக்குள் சுரப்பது மட்டும் உடனே நிற்காது. உள்ளே இருக்கிற கொஞ்சத்தையும் தின்றுவிடும். எனக்கு வந்த மயக்கம் பிள்ளைக்கும் வரும். ஆனால் அது சொல்லாது. அழாமல் தூங்குவதுபோல் கிடக்கும். நம் இரண்டாவது அப்படித்தான் கிடந்தது, நினைவிருக்கிறதா?

அதனால் பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். பிறகு மணிக்கு ஒரு தடவை. என்னை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருப்பார்களாம், அதனால் நான் பார்த்துக்கொள்ள முடியாது. அத்தைதான் பார்க்க வேண்டும். அத்தையோ, “தாயிக்கு ஆவாத சக்கரை புள்ளைக்கு ஆவுமாடி?” என்கிறாள். நர்ஸ் சொன்னால் கேட்க மாட்டாள், நான் சொன்னாலும் கேட்க மாட்டாள். உலகத்தில் அவள் கேட்கிற ஒரே வார்த்தை உங்கள் வார்த்தை. நீங்கள் ஒரு வரி சொல்லிவிடுங்கள். இது ஒன்றுதான் நான் கேட்பது.

தங்கள் அன்பு மகள்
சாலம்மாள்


மொரப்பூர்
2-10-1938

சாலாக் கண்ணுவுக்கு அப்பன் எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். விஷயம் புரிந்தது. நான் புரிந்துகொண்டது சரியா பார். ஆலையில் கரும்புச் சாறு வந்துகொண்டிருக்கும் வரை கொப்பரைக்குக் கீழே அடுப்பு முழு மூச்சாக எரியும். சாறு திடுக்கென்று நின்றுபோனால் தீயை இழுக்க வேண்டும். இழுக்கத் தெரியாத முட்டாள் நின்றால் கொப்பரையில் இருக்கிற கொஞ்சப் பாகும் தீய்ந்துவிடும். பச்சைப் பிள்ளைக்குத் தீயை இழுக்கத் தெரியாது. ஆகவே நாம் சாறு ஊற்ற வேண்டும். இவ்வளவுதானே? டாக்டரம்மாவிடம் சொல், மண்டிக்காரன் முட்டாள் இல்லை என்று.

ஆனால் ஒன்று. முதல் சர்க்கரைத் தண்ணீர் என்றால் அதுதான் சேனை. யார் கை முதலில் இனிப்பைத் தொட்டு நாக்கில் வைக்கிறதோ அவர் குணமும் அவர் அதிர்ஷ்டமும் பிள்ளைக்கு ஒட்டும். என் நாக்கில் வைத்தது என் சித்தப்பன் குள்ளன். சந்தையில் மூட்டை தூக்கியே செத்தவன். நான் பிறந்த அன்றைக்கே என் தலையில் சும்மாடு ஏறிவிட்டது. இருபத்தாறு வயது வரை தூக்கினேன். அதை நானே இறக்கி வைத்தேன், யாரும் கை கொடுக்கவில்லை. போன இரண்டு பிள்ளைக்கும் சேனை வைக்கக் கொடுத்துவைக்கவில்லை. இந்தப் பிள்ளையின் நாக்கில் யாரோ சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நர்ஸ் விரல் படுவதா? முடியாது. என் விரல்தான் படும். போன மாசி மாதம் வந்த முதல் பாகில் ஒரு அச்சு வெல்லம் தனியாக எடுத்துப் புதுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அதைத்தான் கரைப்பேன்.

பயப்படாதே. மண்டி வாசலில் நின்றால் ஸ்டேஷன் சிக்னல் தெரிகிறது. தந்தி வந்ததும் அடுத்த வண்டி. ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சேலம். ஒரு மணி, இரண்டு மணி, அதில் என்ன பெரிய வித்தியாசம்? போன சனிக்கிழமை நான் வந்தபோது மாதம்மாளிடம் சொல்லிவிட்டேன்: “என் கை படறதுக்கு முந்தி எவ கையும் படக் கூடாது. நர்ஸு கேட்டா குடுத்தாச்சுன்னு சொல்லிரு.” அவள் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நீ நன்றாகத் தூங்கு.

அப்பன்
மல்லையன்


மொரப்பூர்
18-12-1938

மகள் சாலம்மாளுக்கு.

என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒன்பது நாள் போய்விட்டது.

உனக்கு இன்னும் காய்ச்சல் இறங்கவில்லை என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். கஞ்சியைத் தள்ளாதே. மனிதர் கையில் என்ன இருக்கிறது. விடிகாலை ஆறு மணிக்குப் பிறந்ததாம், பத்தரை ராத்தல் ஆண் பிள்ளை, கண்ணைத் திறந்து பார்த்ததாம், மாதம்மாள் சொன்னாள். நான் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஏழு மணி. விளக்கு வைத்திருந்தார்கள். வழியில் எஞ்சின் படுத்துவிட்டது, சாலா. காட்டு நடுவில் மணிக்கணக்கில் நின்றது. இறங்கி நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வெல்லத்தைக் கரைத்து நாக்கில் வைத்தேன். என் விரலைச் சப்பவில்லை. சில்லென்றிருந்தது வாய். ஒரு தடவை உதறியது. அவ்வளவுதான்.

எனக்கு அந்த ஊசி மேல் முதலிலிருந்தே சந்தேகம். மாதம் நிறைவதற்கு முன்பே வலி வர வைத்தார்களே, அதுவும் ஒரு காரணமாக இருக்கும். பெரிய படிப்புப் படித்தவர்கள், நாம் கேட்க முடியாது. போனதைக் கிளறாதே. உடம்பு தேறியதும் இங்கே வந்துவிடு. உன் மாமியாரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பன்


பென்னாகரம்
15-1-1939

அப்பா அவர்களுக்கு சாலம்மாள் எழுதுவது.

நான் மொரப்பூருக்கு வரவில்லை. நேரே இங்கே வந்துவிட்டேன். அவர் கூட்டி வந்தார். பொங்கல் பானையை மட்டும் என்னைத் தொட வேண்டாம் என்றார் மாமியார். “ஆடி வரைக்கும் பொறுங்க, அப்பறம் பேசலாம்” என்று பாலக்கோட்டுப் பெண் பேச்சை எடுத்த தன் அம்மாவிடம் இவர் சொன்னதைக் கேட்டேன். முயலுக்கு அவ்வளவு தைரியம் வந்திருக்கிறது.

அப்பா வரும்வரை காத்திருக்காதே என்று நான் கெஞ்சியதற்கு அத்தை சரியென்றுதான் தலையாட்டியிருந்தாள். எனக்கு அன்றைய நாள் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. நர்ஸம்மா மூடி போட்ட கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். வந்து வந்து கேட்டாள், “குடுத்தீங்களா?” அத்தை, “குடுத்தாச்சுங்க, குடிச்சிட்டுத் தூங்குது.” எனக்குக் கண் திறக்க முடியவில்லை. “அழவே இல்ல பாரு, தங்கமான புள்ள” என்று அத்தை யாரிடமோ சொன்னாள். அழாத பிள்ளை என்றதும் எழுந்திருக்கப் பார்த்தேன். உடம்பு வரவில்லை.

இரண்டு கேள்வி. அத்தை கொடுத்தாளா இல்லையா? உங்களுக்குத் தந்தி எத்தனை மணிக்குக் கிடைத்தது?

சாலம்மாள்


மொரப்பூர்
29-1-1939

சாலம்மாளுக்கு.

அப்பனைக் குறுக்கு விசாரணை செய்கிற அளவுக்கு உன்னைப் படிக்க வைத்தது என் தப்பு. ஊர் சொன்னது சரிதான்.

தந்தி சாயங்காலம்தான் வந்தது. தபால்காரன் வேறு ஊருக்குப் போய்விட்டு வந்து கொடுத்தான். நான் என்ன செய்ய? வந்த கையோடு வண்டி ஏறினேன். மாதம்மாள் கொடுத்தாளா என்று அவளைக் கேள். அவள் கிழவி, அவளுக்கு என்ன தெரியும்? ஒரு சொட்டுத் தண்ணீரில் ஓர் உயிர் நிற்கும் என்று டாக்டர் சொன்னால் நீ நம்புகிறாய். அப்பன் சொன்னால் நம்ப மாட்டாய்.

உன் மாமியாருக்குப் பத்து அச்சு வெல்லம் அனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொண்டாள் என்று கேள்வி. வெல்லத்துக்கு மசியாத வாய் இந்தத் தாலூக்காவிலேயே இல்லை. மருந்து தீர்ந்தால் எழுது.

மல்லையன்


பென்னாகரம்
10-3-1939

அப்பாவுக்கு.

இது கொஞ்சம் நீளமான கடிதம். இதற்குப் பிறகு எழுத மாட்டேன், அதனால் முழுவதும் படியுங்கள்.

டிசம்பரில் எஞ்சின் வழியில் படுத்துவிட்டது என்று எழுதினீர்கள். ஜனவரியில் தந்தியே சாயங்காலம்தான் வந்தது என்கிறீர்கள். ஒரே சரக்குக்கு இரண்டு விலை சொல்கிறவனிடம் வாங்காதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்.

போன வாரம் அத்தை வந்தாள். வெற்றிலை பாக்கு மஞ்சள் எல்லாம் கொண்டுவந்தாள். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நான் எனக்கு ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்தாள். இப்போது நானேதான் போட்டுக்கொள்கிறேன். ஊசி ஏறிய இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஓவென்று அழுதாள். “குடுக்கலைடி சாலா. ஒரு சொட்டு குடுக்கல. கிண்ணத்த மூடியே வெச்சிருந்தேன். அண்ணன் வந்து தொட்டு வெக்கட்டும்னு. இப்ப வந்துருவாரு, இப்ப வந்துருவாருன்னு வாசலப் பாத்துட்டே இருந்தேன். மத்தியானம் புள்ள கை விரலு நீலமா ஆச்சு. குளுருன்னு துணி சுத்துனேன்.”

பதிமூன்று மணி நேரம், அப்பா. கை எட்டுகிற தூரத்தில் ஒரு கிண்ணம் நிறையச் சர்க்கரைத் தண்ணீர் இருந்தது.

அத்தையை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். அவள் கொண்டுவந்த பாக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்கள் கோட்டைத் துவைக்கப் போட்டபோது பையில் இருந்த காகிதத்தை எடுத்துப் பாக்கு மடித்திருக்கிறாள். அது தந்திக் காகிதம். “ஆண் குழந்தை. தாய் சேய் சுகம். உடனே வரவும்.” மேலே முத்திரை: மொரப்பூர், 9 டிசம்பர், காலை 8-25.

ஒன்பது மணிக்கு ஒரு வண்டி இருக்கிறது. ஒரு மணிக்கு ஒரு வண்டி இருக்கிறது. மண்டி வாசலில் நின்றால் சிக்னல் தெரியும்.

கொப்பரை, அடுப்பு, சாறு என்று எனக்கே விளக்கி எழுதினீர்களே, அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். டாக்டரம்மா சொன்னதைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். தெரியாமல் செய்திருந்தால் அழுது முடித்திருப்பேன்.

எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஏலம். அது எனக்குத் தெரியும்.

நீங்கள் எழுதினால் பிரித்துப் படிப்பேன். பதில் வராது.

சாலம்மாள்


மொரப்பூர்
22-9-1939

சாலம்மாளுக்கு.

மாதம்மாள் போய்ச் சேர்ந்தாள். மூன்று நாள் காய்ச்சல். மாப்பிள்ளை மட்டும் வந்தார். யுத்தம் தொடங்கிவிட்டது. மருந்து கிடைப்பது கஷ்டமாகும் என்கிறார்கள். இருக்கிறதைப் பத்திரமாக வை.

மல்லையன்


மொரப்பூர்
6-8-1940

சாலம்மாளுக்கு.

நீ மறுபடி முழுகாமல் இருப்பதை பஸ் கண்டக்டர் தர்மன் சொல்லித் தெரிந்துகொண்டேன். சீமையிலிருந்து மருந்துக் கப்பல் சரியாக வருவதில்லை. சேலத்தில் இல்லை, பெங்களூரில் இல்லை. மதராசில் ஒருவனைப் பிடித்திருக்கிறேன். தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு ரயிலில் வருகிறது. நானே ஸ்டேஷனில் நின்று வாங்குகிறேன், ஐஸ் மாற்றித் தர்மன் கையில் கொடுக்கிறேன். “புட்டிய வாங்கி நெழல்ல வெச்சாங்க, கடுதாசிய வாங்கி மடியில வெச்சாங்க, ஒன்னும் பேசலீங்க” என்றான் போன தடவை. போதும். மருந்தைத் திருப்பி அனுப்பாமல் இருந்தாயே.

நீ கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஏலத்துக்காக நான் நிற்கவில்லை. ஏலத்துக்கு நின்றிருந்தால்கூட வியாபாரி, புத்தி அப்படி என்று சொல்லிக்கொள்ளலாம். தந்தியைப் படித்ததும் கோட்டை மாட்டினேன். வெல்ல அச்சைப் பையில் போட்டேன். வாசலில் இறங்கினேன். ஏலத்துக்கு வந்த கூட்டம் நின்றுகொண்டிருந்தது. அரூர்க்காரன், பாலக்கோட்டுக்காரன், பெங்களூர் செட்டி. “என்ன மல்லையா, கோட்டு?” என்றார்கள். “பேரன்” என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். “இனிப்பு இல்லாமயா? வெல்ல மண்டி வெச்சிக்கினு இனிப்பு இல்லாமயா?” ஒரு மூட்டையை அவிழ்த்தேன். கற்கண்டுப் பெட்டி ஒன்று வரவழைத்தேன். ஒன்பது மணி வண்டி ஊதியது காதில் விழுந்தது. பிள்ளைதான் சுகம் என்று வந்துவிட்டதே, அடுத்த வண்டியில் போவோம் என்று நினைத்தேன். கூலிக்காரர், வண்டிக்காரர், ஸ்டேஷன் போர்ட்டர், சந்தைக்கு வந்த சித்தேரிக்காரர், ஒருத்தர் விடவில்லை. சும்மாடு வைத்து நான் மூட்டை தூக்கிய அதே கடைத்தெரு. ஒவ்வொரு கையாகக் கூப்பிட்டுப் போட்டேன். ஒரு மணி வண்டியும் போயிற்று. அதற்கும் அடுத்த வண்டியில்தான் ஏறினேன்.

ஊர் பூராவும் தின்றது, சாலா. எறும்பு தின்றது. கீழே சிந்தியதை ஆடு நக்கியது. அந்த ஒரு வாய்க்கு மட்டும் போகவில்லை.

என் கை என் கை என்றேனே, அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்தத் தடவை நான் வரமாட்டேன். எனக்காக யாரும் நிற்க வேண்டாம். சேனையை எவள் வைத்தாலும் சரி.

மருந்து மட்டும் வரும்.

மல்லையன்


சேலம், ஆஸ்பத்திரி
14-10-1940

மொரப்பூர் மல்லையன் அவர்களுக்கு சாலம்மாள் எழுதுவது.

பதில் எழுதுவதில்லை என்று இருந்தேன். மருந்து அனுப்பியவருக்குச் சேதி சொல்லாமல் இருப்பது முறையில்லை என்று இவர் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

பத்தாம் தேதி காலை பெண் பிறந்தது. ஏழே கால் ராத்தல். பெரிசு இல்லை. “சின்னதா இருக்கே” என்றார் மாமியார். டாக்டரம்மா கட்டிலுக்கே வந்து, “இதுதான் வேணும்! இதுதான் வேணும்!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இந்தத் தடவை மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே பெற்றேன். கொடி அறுத்ததும் சர்க்கரைத் தண்ணீர் என்று நானே கத்தினேன். நர்ஸம்மா இரண்டு கையும் ரத்தமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டு பெருக்குகிற முனியம்மாள் மூலையில் நின்றாள். “கையக் கழுவிட்டு நீ குடு, முனியம்மா” என்றார் டாக்டரம்மா. அவள் என்னைப் பார்த்தாள். “நானுங்களா? நான் தொடலாங்களா?” என்றாள். மாமியார் வாயைத் திறந்தார். நான், “குடுங்க” என்றேன். நான் யாரையும் அவ்வளவு சத்தமாக அதட்டியதில்லை. தகரக் கிண்ணத்தில் விரலை நனைத்து வைத்தாள். கொடி அறுத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. குழந்தை அவள் விரலை விடவே இல்லை.

அவள் குணம் என் மகளுக்கு ஒட்டட்டும். கொடு என்றால் கொடுக்கிற குணம்.

இரவும் பகலும் மணிக்கு ஒரு தடவை கொடுத்தோம். மூன்றாம் நாளிலிருந்து பால் குடிக்கிறாள். நன்றாக அழுகிறாள். பெயர் காவேரி.

நீங்கள் அனுப்பிய மருந்துப் புட்டிகள் காலியானவற்றைக் கழுவிப் பிளாஸ்க்கோடு தர்மனிடம் கொடுத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் இவள் இல்லை. அதை மறைக்க மாட்டேன். அதற்காக முன்னால் பிறந்து போனவனை மறக்கவும் என்னால் முடியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத் தெரிந்தவர் நீங்கள். எனக்குத் தெரியவில்லை.

பார்க்க வர வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எதுவும் உங்களுக்காக இங்கே காத்திருக்காது.

சாலம்மாள்


மொரப்பூர்
18-10-1940

சாலாவுக்கு.

நேற்று சேலம் வந்தேன். ஒன்பது மணி வண்டியில் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் பதினொன்றரைக்கெல்லாம் வந்துவிட்டேன்.

உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் ஒருத்தி துடைப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். முனியம்மாள் யார் என்றேன். “நான்தானுங்க, என்னா தப்பு பண்ணிட்டேன்?” என்றாள். பென்னாகரத்து அம்மாவுக்குப் பிறந்த பெண் பிள்ளைக்குச் சேனை வைத்தது நீயா என்றேன். அவள் முகம் மலர்ந்தது. “ஆமாங்க. என்னா இழுப்பு இழுத்துச்சுங்க! வெரல முழுங்கிரும்போல. இப்பக்கூட காலைல போய்ப் பாத்தேன். என்னயப் பாத்து மூஞ்சிய சுருக்குது. நீங்க யாருங்க, சொந்தங்களா?”

வெல்ல வியாபாரி என்றேன்.

அந்தப் பழைய அச்சில் அன்று கரைத்ததுபோக மீதி என்னிடமே இருந்தது. இரண்டு வருஷத்தில் கறுத்துக் கசிந்துவிட்டது. புதிதாக ஒன்று கொண்டுவந்திருந்தேன், அதை அவளிடம் நீட்டினேன். “எனக்குப் பல்லு ஆடுதுங்க, வெல்லம் ஆவாது. வெத்தலைக்குக் குடுத்தாப் போதும்” என்றாள். கொடுத்தேன். அவள் கையைப் பார்த்தேன். பினாயில் பட்டு வெளுத்த கை. ஒரு விரலில் நகம் இல்லை.

மாடி ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. “நம்ம காவேரிதானுங்க” என்றாள். முடியும்வரை நின்று கேட்டேன். பிறகு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

மருந்து அடுத்த செவ்வாய்க்கிழமை வரும். உனக்கு அது எப்போதும் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதாகத் தர்மன் சொன்னான். நான் இருக்கும்வரை வரும். பதில் வேண்டாம்.

காலையில் வண்டியில் உட்கார்ந்ததிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். காட்டு நடுவில் எங்கேயும் நிற்கவில்லை, சாலா. காலை வண்டி சரியான நேரத்துக்குத்தான் போய்ச் சேருகிறது.

மல்லையன்